ஜாதவ்பூர் நரம்பும் காளிகாட் கன்னமும்

ஹௌராவில் ரயிலைவிட்டு இறங்கியதுமே என் பெயர் மாறிவிட்டது. மஞ்சள் சால்வை போர்த்திய ஒரு பெண் மேடையில் கூட்டத்தை எதிர்த்து நடந்தபடி, "தொமொயொந்தி! தொமொயொந்தி!" என்று கூவிக்கொண்டு வந்தாள். யாரையோ தேடுகிறாள் என்று விலகி நின்றேன். என்னைக் கடந்து போய், திரும்பி வந்து, என் பெட்டியில் ஒட்டியிருந்த சென்னை முகவரியைப் பார்த்துவிட்டு, "நீதானே தொமொயொந்தி? கூப்பிடக் கூப்பிட நிற்கிறாயே" என்று ஆங்கிலத்தில் கடிந்துகொண்டாள். தமயந்தியாகிய நான் அந்த ஊரைவிட்டுக் கிளம்பும்வரை தொமொயொந்திதான்.

அவள் பெயர் சுதபா. என் வயது. ஜாதவ்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தாள். தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு டிசம்பரில், அவளிடம் ஒரு வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் நான் போயிருந்தேன்.

வேலை இதுதான். வலியை உணரும் நரம்பு செல்லை உடம்பிலிருந்து பிரித்து, உயிரோடு ஒரு கண்ணாடிச் சில்லில் வைத்து, சூடு காட்டினால், புளிப்பு காட்டினால், மிளகாய்ச் சத்தைக் காட்டினால் அது என்ன பதில் சொல்கிறது என்று மின்கருவியில் கேட்பது. சென்னையில் நான் ஒரு வருடமாக முயன்றும் ஒரு செல்கூடப் பதில் சொல்லவில்லை. என் பேராசிரியர் நல்லவர்தான். ஆனால் உதவித்தொகை முடியப்போகிறது. "போய்க் கற்றுக்கொண்டு வா. அப்படியும் கைவரவில்லையென்றால் வேறு தலைப்பு எடுத்துக்கொள்வோம்" என்று சொல்லியிருந்தார். வேறு தலைப்பு என்றால் அத்தனையும் முதலிலிருந்து. வீட்டில் அதற்குள் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும்.

தங்க இடம் அப்பாதான் ஏற்பாடு செய்திருந்தார். அவருடைய தூத்துக்குடி நண்பர் முருகேசன், துறைமுக வேலையில் மாற்றலாகிக் கல்கத்தா வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. காளிகாட் மெட்ரோ நிலையத்துக்கு அருகில், ஒரு சந்துக்குள் பழைய மாடிவீடு. எங்கள் பக்கத்து வழக்கப்படி அவர் எனக்கு அண்ணாச்சி. மனைவி பேச்சியம்மாள், பேச்சி அக்கா. பிள்ளை விசாகப்பட்டினத்தில் ஹாஸ்டலில் இருந்தான்.

படியேறிப் போனபோது அக்கா கதவைத் திறந்து, "வா" என்றார். அவ்வளவுதான். சாப்பாடு வைத்துவிட்டு, "சாப்பிடு" என்றார். எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி, அவர் பக்கம்தான்; ஊர்ச் சேதி கேட்பார் என்று நினைத்திருந்தேன். அவர் முந்தானையை இடது கன்னத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி, படாமல், திரை மாதிரிப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். நான் வந்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜாதவ்பூர். ஆய்வுக்கூடத்தைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். நுண்ணோக்கி இருந்த மேசை என்பது ஒரு பழைய சலவைக்கல் பலகை. அதற்கு அடியில் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப்கள். சுற்றிலும் செம்புக் கம்பிவலை அடித்த ஒரு கூண்டு, கோழிக்கூடு மாதிரி. "அதிர்வுக்கு டியூப், மின்சார இரைச்சலுக்குக் கூண்டு" என்றாள் சுதபா. "செல் விடும் மின்சாரம் ரொம்பச் சின்னது. இந்த அறையில் எரிகிற டியூப்லைட் அதைவிடப் பெரிதாகக் கத்தும்." சென்னையில் எங்களிடம் வெளிநாட்டு மேசையே இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை.

எலியின் முதுகெலும்பை ஒட்டி இரு பக்கமும் பாசிமணி மாதிரி நரம்பு முடிச்சுகள் இருக்கும். உடம்பின் வலிச் செய்தியெல்லாம் முதலில் வந்து சேருகிற இடம் அது. அதை எடுக்க எலி சாக வேண்டும். மருந்து கொடுத்து, அது உணர்விழந்த பிறகுதான் தொடுவோம். ஆனாலும் சுதபா ஒவ்வொரு முறையும் கத்தரியை எடுக்கும் முன் ஒரு கணம் நிற்பாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. சில நாளில் நானும் நிற்க ஆரம்பித்தேன்.

மணிகளை ஒரு செரிமானத் திரவத்தில் ஊறவைக்க வேண்டும். இளகியதும், முனையைத் தீயில் வாட்டி மழுக்கிய கண்ணாடிக் குழாயில் மெல்ல உறிஞ்சி, மெல்ல வெளியே விட வேண்டும். திரும்பத் திரும்ப. வேகம் கூடினால் செல் செத்துவிடும். குறைந்தால் பிரியாது. என் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டு அவள் சொன்னாள்: "நுரை வரவிடாதே. டீ ஆற்றுகிறாயா நீ?"

எங்கள் ஊரில் ஆற்றாமல் காபியே கிடையாது என்று சொன்னேன். அவள் சிரித்தாள். அன்றைக்கு முதல் சிநேகம்.

மதியம் கேண்டீனில் மீன் கட்லெட்டோடு ஒரு மஞ்சள் விழுது வந்தது. கசுந்தி என்றார்கள். கடுகு அரைத்துப் புளிக்க வைத்தது. நம்மூர் ஊறுகாய் நினைப்பில் வழித்து வாயில் போட்டேன். காரம் நாக்கில் நிற்காமல் நேரே மூக்கில் ஏறி நெற்றிக்குள் போய் உட்கார்ந்தது. கண்ணீர் கொட்டியது. மேசை முழுக்கச் சிரிப்பு. "மிளகாய் தேசத்துக்காரி கடுகுக்கு விழுந்துவிட்டாள்" என்றார் எதிரே இருந்த ஒருவர். மிளகாய்க்கும் கடுகுக்கும் நரம்பில் ஒரே வாசலா, வேறு வேறா என்று சாப்பாடு முடியும்வரை சண்டை போட்டார்கள். அன்று யாருக்கும் பதில் தெரியாது. கடுகுக்குத் தனி வாசல் உண்டு என்பது சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் உலகத்துக்குத் தெரியவந்தது. அதைப் படித்த அன்று எனக்கு அந்தக் கட்லெட்டின் வாசனைதான் வந்தது.

அடுத்த நாட்கள் எல்லாம் தோல்வி. கண்ணாடிச் சில்லில் ஒட்டிய செல்கள் நுண்ணோக்கியில் ஜவ்வரிசி மாதிரி பளபளவென்று தெரியும். பெரியவை தொடுகையை உணர்பவை, அவற்றை விட்டுவிட வேண்டும். சின்னதுதான் வலி செல். மயிரிழையைவிட மெல்லிய முனையுள்ள கண்ணாடி ஊசியை அதன் மேல் கொண்டுபோய், பட்டும் படாமலும் வைத்து, ஊசியோடு இணைத்த குழாயை வாயில் கவ்விக் கொஞ்சமாக உறிஞ்ச வேண்டும். செல்லின் தோல் ஊசி முனையோடு ஒட்டி முத்திரை மாதிரி இறுக வேண்டும். இறுகினால்தான் செல்லின் பேச்சு கேட்கும்.

எனக்கு இறுகவில்லை. இறுகுவது போல வரும், அந்த நேரம் பார்த்து ஜாதவ்பூர் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் நுழையும், சலவைக்கல் ஒரு சிலிர்ப்பு சிலிர்க்கும், செல் உடைந்து வழியும். சுதபாவுக்கு ரயில் நேரங்கள் மனப்பாடம். "இப்போது தொடாதே. டைமண்ட் ஹார்பர் வண்டி போகட்டும்" என்பாள். நாங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டு ரயில் போகக் காத்திருப்போம். விஞ்ஞானத்தை இப்படியும் செய்யலாம் என்று எனக்கு யாரும் அதுவரை சொன்னதில்லை.

ஒருநாள் ஊசி செய்யும் கண்ணாடிக் குழாய்களை வடக்குப் பக்கம் ஒரு கடையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். உடையக் கூடாதென்று சால்வையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தேன். இறங்கும் இடத்தில் கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டி உரக்கக் கத்தினார். பக்கத்திலிருந்த பெரியவர் எனக்காக ஆங்கிலத்தில் சொன்னார்: "மெதுவாக நிறுத்து, பெண் இறங்குகிறாள், கையில் குழந்தை இருக்கிறது என்கிறான்." பஸ் முழுக்க வழிவிட்டது. ஒரு அம்மாள் சால்வையை விலக்கிக் குழந்தையின் முகம் பார்க்க வந்தார். நான் இறங்கி ஓட்டமாக நடந்தேன். சென்னையில் அப்படி நின்று இறக்கிவிடும் பஸ்ஸை நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி என்னை லேக் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். வாழையிலை, முருங்கைக்காய், மல்லிகைப்பூ. சுற்றிலும் தமிழ் கேட்டது. தோசைக்கடையில் உட்கார்ந்து காபி குடித்தோம். அங்கேதான் அவர் சொன்னார்.

"உங்க அக்காவ தப்பா நெனச்சிராதம்மா. அவளுக்குப் பல்லு வலி. ரெண்டு வருசமா. ரெண்டு பல்லு எடுத்தாச்சு. வர்ற வியாழக்கிழம மூணாவது எடுக்கணும்."

"பல்லு எடுத்த பொறவும் வலிக்கா அண்ணாச்சி?"

"வலிக்கே. பேசுனா வலிக்கி, தின்னா வலிக்கி. பேச்சின்னு பேரு வச்ச மனுசி. தூத்துக்குடியில தெருமுனையில நின்னா அவ சத்தம் கேக்கும். இங்க வந்து வாயத் தொறக்கதில்ல. பக்கத்து வீட்டுப் பொம்பள இவளத் திமிர் பிடிச்சவன்னு நெனச்சிட்டு. இந்த ஊருக் குளிருதான் ஆகல போல. நானும் ஊருக்கே மாத்தல் கேட்டு எழுதிப் போட்டுட்டேன்." காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் நான் அடுக்களையில் அக்காவுக்குக் கூடமாட நின்றபோது, பக்கத்து வீட்டுப் பெண் ஒரு தட்டில் சந்தேஷ் கொண்டுவந்தார். குளிர்காலத்துப் புது வெல்லம் போட்ட பால் இனிப்பு. எல்லோரும் அவரைப் பௌதி என்றுதான் கூப்பிட்டார்கள், அண்ணி என்று அர்த்தம். அவர் கதவைத் தள்ளித் திறந்ததும் படிக்கட்டுக் காற்று உள்ளே அடித்தது. அக்கா வாங்கக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். கண் இறுக மூடிக்கொண்டது. முகத்தின் இடது பக்கம் மட்டும் இழுத்துத் துடித்தது. கத்தவில்லை, நகரவில்லை. மின்சாரம் பாய்ந்தவர் மாதிரி இருந்தது. சில நொடிகளில் போய்விட்டது. பௌதி முகம் கறுத்துத் தட்டைத் திண்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நன்றிகூடச் சொல்லாமல் கண்ணை மூடிக்கொண்டாளே என்று அவருக்குத் தோன்றியிருக்கும்.

திங்கட்கிழமை செல் வேலை இல்லை. சுதபா வேறொரு சோதனையைக் காட்டினாள். கம்பிவலைத் தட்டின் மேல் எலிகள் நின்றன. அவள் கையில் தூண்டில் நரம்பு மாதிரி நைலான் இழைகள், மெல்லியதிலிருந்து தடித்தது வரை. கீழிருந்து எலியின் பாதத்தில் இழையை வளையும்வரை அழுத்தினாள். சாதாரண எலிக்குத் தடித்த இழை பட்டால்தான் காலைத் தூக்கியது. அடுத்தது, காலுக்குப் போகும் நரம்பில் முன்பே காயம் பட்ட எலி. இருப்பதிலேயே மெல்லிய இழை. அது பட்டதை நாமே உணர முடியாது. அந்த எலி காலை வெடுக்கென்று உதறி, தூக்கிப் பிடித்தபடியே நின்றது.

"பாதத்தில் ஒன்றுமில்லை" என்றாள் சுதபா. "பாதத்தை எத்தனை சோதித்தாலும் ஒன்றும் கிடைக்காது. கோளாறு வழியில் இருக்கிறது. தொடுகையை இது வலி என்று படிக்கிறது."

எனக்கு அடுக்களையில் நின்ற அக்காவின் முகம் வந்தது. அந்த எலி பாதத்தைத் தரையில் படாமல் பிடித்திருந்த விதமும், அக்கா முந்தானையைக் கன்னத்தில் படாமல் பிடித்திருக்கும் விதமும் ஒன்றாக இருந்தன. சொன்னேன். சுதபா இழைகளைக் கீழே வைத்துவிட்டாள்.

"காற்று பட்டால் வருகிறதா? பேசினால்? முகம் கழுவினால்?"

"ஒரு பக்கம் மட்டும். சில நொடிதான். ஷாக் அடித்த மாதிரி."

"தொமொயொந்தி, நாம் டாக்டர் இல்லை. ஆனால் அந்தப் பல்லை எடுப்பதற்குள் ஒரு நரம்பு டாக்டர் பார்க்கட்டும். புதன்கிழமை காலை எனக்குத் தெரிந்த ஒருவர் வெளிநோயாளிப் பிரிவில் உட்காருவார்."

புதன்கிழமை. அந்த வாரத்தோடு எலி தருகிற இடத்தை விடுமுறைக்காக மூடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை பிரிக்கிற செல்களைப் புதன்கிழமை பார்த்தால்தான் உண்டு. அது போனால், ஒரு பதிவும் இல்லாமல் சென்னைக்கு ரயிலேற வேண்டியதுதான். சுதபா என் முகத்தைப் பார்த்துவிட்டு எலிகளைக் கூண்டுக்குள் விட்டாள்.

அன்று வீட்டில் பேசியது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை.

"நீ என்ன டாக்டரா?" என்றார் அண்ணாச்சி. கோபமில்லை, பயம். "பல் டாக்டரு படம் எடுத்துப் பாத்துதான சொல்லுதாரு. எலியப் பாத்துட்டு வந்து இவளுக்கும் அதேதான்னா எப்படிம்மா?"

"அதேதான்னு சொல்லல அண்ணாச்சி. ஒரு தடவ காட்டிருவோம். பல்லு எங்கயும் போயிராது. எடுத்த பல்லுதான் திரும்ப வராது."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா வாயை முழுதாகத் திறக்காமல், வலது ஓரத்தால் சொன்னார்: "போவோம்."

அண்ணாச்சிக்குப் புதன்கிழமை கப்பல் வேலை, வர முடியாது. நான் கூட்டிப்போகிறேன் என்றேன். சொன்னபிறகுதான் செல்களின் நினைவு மறுபடி வந்தது. சொன்னது சொன்னதுதான்.

செவ்வாய்க்கிழமை இருவருமாகச் செல்களைப் பிரித்தோம். அன்று நுரை வரவில்லை. சுதபா சில்லுகளைச் சூட்டுப்பெட்டியில் வைத்து மூடிவிட்டு, "மதியத்துக்குள் வந்துவிடு. அதுவரை தாங்கும். தாங்கவில்லை என்றால் தாங்கவில்லை" என்றாள்.

புதன்கிழமை காலை காளிகாட்டில் மெட்ரோவுக்குப் படியிறங்கினோம். நிலத்தடியில் குளிர் இருக்காது, ஜன்னல் காற்று இல்லை, அதனால் பஸ்ஸைவிட மெட்ரோ நல்லது என்று நான்தான் யோசித்து முடிவு செய்திருந்தேன். ஒன்றை மறந்துபோனேன். வண்டி வருவதற்கு முன்னால் அது தள்ளிக்கொண்டு வருகிற காற்று வரும். குகைக்குள்ளிருந்து அது மேடையில் அடித்த நொடி அக்கா என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது. தூணுக்குப் பக்கத்தில் குனிந்துவிட்டார். ஒன்று முடியுமுன் இன்னொன்று. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயோரம் வழிந்தது. நான் அவருக்கும் காற்றுக்கும் நடுவே முதுகைக் கொடுத்து நின்றேன். வண்டி வந்தது, கதவு திறந்தது, மூடியது, போயிற்று.

"என்ன ஆயிற்று? தண்ணீர் வேண்டுமா?" என்று ஒரு பெண் வங்காளத்தில் கேட்டாள். இன்னொருவர் விசிறினார். விசிற வேண்டாம், விசிற வேண்டாம் என்று நான் தமிழில் கத்தினேன்.

அடங்கியதும் அக்கா என் தோளில் நெற்றியை வைத்துச் சொன்னார்: "வீட்டுக்குப் போவோம். முடியல."

எனக்கும் அழுகை வந்தது. "அக்கா, வீட்டுல போயி நாளைக்குப் பல்லக் குடுக்கப் போறியளா? அதுக்கு அடுத்த பல்லு எப்போ?" என்று கேட்டுவிட்டேன். என்னைவிடப் பெரியவரிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுத்த வண்டியின் இரைச்சல் தூரத்தில் கேட்டதும் என்னை இழுத்துத் தூணுக்குப் பின்னால் நிறுத்தி, தானே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். காற்று போனபிறகு ஏறினோம்.

டாக்டர் அறைக்குள்ளும் குரங்குக் குல்லாய் போட்டிருந்தார். கல்கத்தாவில் குளிர்காலத்தில் அதைப் போடாத ஆணை நான் பார்க்கவில்லை. நான் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டார். பிறகு அக்காவிடம், எங்கே வலி ஆரம்பிக்கிறது, விரலால் காட்டுங்கள் என்றார். நான் தமிழில் சொன்னேன். அக்கா விரலைக் கன்னத்துக்குக் கொண்டுபோய், தொடாமல், காற்றில் நிறுத்தினார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "போதும். பல்வலிக்காரர்கள் கன்னத்தை அமுக்கிக்கொண்டு வருவார்கள். இந்த வலிக்காரர்கள் தங்கள் விரலையே கன்னத்தின் கிட்ட விடமாட்டார்கள். முகத்து நரம்புக் கோளாறு இது. பல்லில் ஒன்றுமில்லை."

மற்ற சோதனைகளையும் செய்தார். ரத்தம் பார்க்க எழுதினார். மாத்திரை எழுதும்போது, "இது வலிப்புக்குத் தருகிற மாத்திரை. பயப்படாதீர்கள்" என்றார். நான் மொழிபெயர்த்ததும் அக்கா பயந்துபோனார். "எனக்கு வலிப்பா?"

"இல்லக்கா. நரம்பு சும்மா சும்மா கத்துது. அதக் கொஞ்சம் அமத்தி வைக்கது." அந்த மாத்திரை நரம்பில் எந்த வாசலை அடைக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த வாசல் திறந்து மூடும் கோட்டைத்தான் சுதபாவின் திரையில் பார்த்திருந்தேன். புத்தகத்தில் இருந்த ஒன்று சீட்டில் எழுதப்பட்டு மருந்துக்கடைக்குப் போவதை அன்றுதான் பார்த்தேன்.

அக்காவை வீட்டில் விட்டு ஜாதவ்பூருக்குக் கிளம்பினால் கரியாஹாட்டில் ஊர்வலம். பஸ் நின்றது. இறங்கி நடந்தேன், ஓடினேன், ஒரு ஆட்டோவில் ஆறாவது ஆளாகத் தொற்றிக்கொண்டேன். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சில்லுகளில் பாதி செத்திருந்தன. சுதபா தொடாமல் காத்திருந்தாள்.

"நீ பண்ணியிருக்கலாமே" என்றேன் மூச்சு வாங்க.

"என்னிடம் நிறைய இருக்கிறது. உன்னிடம்தான் ஒன்றும் இல்லை. உட்கார். என்ன சொன்னார் டாக்டர்?"

சொன்னேன். மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். "சரி, ஊசியை எடு. ரயிலுக்கு நேரமிருக்கிறது."

முதல் செல் உடைந்தது. இரண்டாவது ஒட்டவேயில்லை. மூன்றாவது சின்னதாக, விளிம்பு கறுத்து, தனியாக இருந்தது. ஊசி முனை அதைத் தொட்டதும் நான் குழாயில் உறிஞ்சினேன். அவசரப்படவில்லை. மெட்ரோ மேடையில் நின்றபிறகு எனக்கு அன்று அவசரமே வரவில்லை. திரையில் கோடு நெளிந்து, நெளிந்து, திடீரென்று நேரானது. முத்திரை விழுந்துவிட்டது. சுதபா மூச்சுக்கூட விடவில்லை. இன்னொரு சின்ன உறிஞ்சல், செல்லுக்குள் போய்விட்டேன். மெல்லிய குழாய் வழியாக மிளகாய்ச் சத்துக் கரைசலைச் செல்லின் மேல் விட்டாள்.

கோடு விழுந்தது. பள்ளத்தில் விழுகிற மாதிரி கீழே போய், கரைசலை நிறுத்தியதும் தயங்கித் தயங்கி மேலே ஏறி வந்தது.

உடம்பு இல்லை, நாக்கு இல்லை, கண்ணீர் இல்லை. ஒரே ஒரு செல், காரத்தை உணர்ந்துவிட்டு ஆறியது. மறுபடி விட்டோம். மறுபடி விழுந்தது, கொஞ்சம் குறைவாக. பழகிக்கொள்கிறது. ஒருகணம் அந்தச் செல்லைப் பார்த்துப் பாவமாக இருந்தது. பிறகு சுதபா என்னைக் கட்டிப்பிடித்து ஆட்ட, சலவைக்கல் ஆட, செல் போய்விட்டது. பரவாயில்லை. பதிவு இருந்தது. எங்கே தவறு செய்துகொண்டிருந்தேன் என்பது என் கைக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா முதல் இரண்டு நாள் தூங்கித் தூங்கி வழிந்தார். தலை சுற்றுகிறது என்றார். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஜாதவ்பூரிலேயே தங்கிவிடலாமா என்று யோசித்தேன். பல் டாக்டரிடம் அவர் போகவில்லை, அதுவே பெரிது. அடுத்த ஞாயிறு காலை நான் பல் துலக்கிக்கொண்டிருக்க, அக்கா குழாயடியில் வந்து நின்று, இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி முகத்தில் அடித்தார். குளிர்ந்த தண்ணீர். அடித்துவிட்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி அள்ளி அடித்தார். அப்புறம் சோப்புப் போட்டார். கன்னத்தில் கையை வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நான் வாயில் நுரையோடு பார்த்துக்கொண்டே நின்றேன்.

அன்று சாயங்காலம் மூவரும் வெளியே போனோம். தெருமுனையில் புச்கா விற்பவர் நம்மூர் பானிபூரியைவிடப் பெரிதாகப் பொரித்த பூரிக்குள், உருளைக்கிழங்கைப் புளித்தண்ணீரோடு நிரப்பி நிரப்பி நீட்டினார். வாயை முழுதாகத் திறந்தால்தான் போகும். அக்கா ஒன்றை எடுத்து, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, திறந்து போட்டுக்கொண்டார். தண்ணீர் முகவாயில் வழிய மென்றார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். அண்ணாச்சி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி டிராமைப் பார்த்தார். டிராம் எதுவும் வரவில்லை.

சில நாளில் நான் சென்னைக்குத் திரும்பினேன். என் தலைப்பு மாறவில்லை. வெளிநாட்டு மேசைக்கு அடியில் ஒரு ஸ்கூட்டர் டியூபையும் வைத்தேன், பேராசிரியர் சிரித்தார், பதிவு வந்தபிறகு சிரிக்கவில்லை. சுதபா வெளிநாடு போய்விட்டுத் திரும்பினாள். எங்களுக்குள் தொடர்பு விடவில்லை. அக்காவின் வலி முற்றும் போகவில்லை என்றும், நடுவே ஒருமுறை மாத்திரைக்கு அடங்காமல் ஆபரேஷன் வரை போய்ச் சரியானது என்றும் அப்பா மூலம் கேள்விப்பட்டேன். மாற்றல் வந்தபோது அண்ணாச்சி வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டாராம். ஏன் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கருத்தரங்குக்காக மறுபடி கல்கத்தா போனேன். ஊரின் பெயர் அதற்குள் கொல்கத்தா ஆகியிருந்தது. நியூ டவுன் பக்கம் வயல்களுக்கு நடுவே உயரமான கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. சுதபா என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு காளிகாட் சந்து முனையில் இறக்கிவிட்டாள். அதே வீடு, அதே படிக்கட்டு.

முதல் படியில் கால் வைத்தபோதே மேலே சண்டை கேட்டது. இரண்டு பெண்கள். மொட்டைமாடியில் யார் துணி முதலில் காய்வது என்பதோ, தண்ணீர் யார் வீட்டுக்குள் வடிந்தது என்பதோ, ஏதோ ஒன்று. ஒரு குரல் பௌதியுடையது. இன்னொன்று அதைவிட உரக்க, மூச்சுவிடாமல், வங்காளத்தில் ஏசிக்கொண்டிருந்தது. வங்காளம்தான், ஆனால் தூத்துக்குடி இழுவை. நான் படியிலேயே நின்றுவிட்டேன். எதிரே இறங்கிவந்த ஒருவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்து, "பயப்படாதீர்கள். தினமும் நடப்பதுதான். சாயங்காலம் இருவரும் சேர்ந்துதான் டீ குடிப்பார்கள்" என்றார்.

நான் திருப்பத்தில் தலையை நீட்டினேன். இடுப்பில் வாளியோடு பேச்சி அக்கா நின்றிருந்தார். படிக்கட்டுக் காற்று அவருடைய முந்தானையைக் கன்னத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தள்ளக்கூட இல்லை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. ஆனால் கை மட்டும் பௌதியை நோக்கி நீட்டினபடியே இருந்தது.

"ஏட்டி தமயந்தி, நீயா? உள்ள போயி உக்காரு. இவள ஒரு வழி பண்ணிட்டு வாரேன்."